வேலந்தாவளம், இரவு 2.40

‘நிறுத்து’ என்ற ஒரே பெயரில்தான்
எல்லாவற்றையும் எழுதினேன்.
லாரியைக் கொடுத்தால் கம்பத்தை இறக்கும்.
மூட்டையைக் கொடுத்தால் நிறுத்துப் பார்க்கும், கிலோ கணக்கில்.
பெயர் ஒன்று, வேலை இரண்டு.
தமிழுக்கு இது புதிதில்லை என்பதால்
எனக்கும் சிரமமில்லை.

அந்த முதல் புரோகிராமுக்கு ஒரு குணம்:
சீட்டை நம்பும்.
சீட்டில் தக்காளி என்றால் தக்காளிதான்.
வண்டி கிளம்பும் முன்பே
ஒட்டன்சத்திரத்தில் பில் போட்ட கை
சாவடியில் என்ன நடக்கும் என்று முடிவு கட்டிவிடும்.
ஆவணியில் ஒருநாள்
தார்ப்பாய்க்கு அடியில் தக்காளி
‘ம்மா’ என்றது.
ஒன்பது கன்றுகள்.
குமாஸ்தா பிரஜீஷ் போனில் சிரித்தான்:
‘மேடம், உங்க தக்காளிக்கு வாலுண்டு கேட்டோ.’

மாற்றி எழுதினேன்.
சீட்டைப் படிக்காதே, தார்ப்பாயைத் தூக்கு.
வந்து நிற்பது எதுவோ அதை வைத்து முடிவெடு.
வண்டியை மட்டும் பார்க்காதே,
சரக்கை மட்டும் பார்க்காதே,
இரண்டையும் சேர்த்துப் பார்.
டெம்போவில் வரும் முட்டை வேறு,
பைக்கில் வரும் முட்டை வேறு,
பஸ்ஸில் ஒருத்தி மடியில் வைத்திருக்கும்
அரை டஜன் வேறு.
பெயர் ஒன்றே, விதிகள் நாற்பத்தொன்று.
சாவு வீட்டில் கிட்டத்துப் பங்காளி
முன்னால் வருவதுபோல
எது நெருக்கமோ அது வரும்.
‘எந்த வண்டியும்’ விலகி நிற்கும், ‘டெம்போ’ வந்தால்.
‘டெம்போ’ விலகி நிற்கும்,
‘கூண்டடித்த டெம்போ’ வந்தால்.
ஐந்து மாதம் ஒரு சண்டையுமில்லை.

மாசியில், குனியமுத்தூர் வீட்டில்,
இரவு இரண்டு நாற்பதுக்குப் போன்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு ஆம்புலன்ஸ்.
ஓட்டி வந்தவர் பெயர் அங்கமுத்து.
உள்ளே படுத்திருப்பது மாடு.
மண்ணுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகிறது.
கம்பம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை,
பாதியில் நிற்கிறது என்றான் பிரஜீஷ்.

என் விதி ஒன்று சொல்கிறது:
ஆம்புலன்ஸ், எதை ஏற்றியிருந்தாலும், விடு.
என் விதி இன்னொன்று சொல்கிறது:
எந்த வண்டியானாலும், மாடு இருந்தால், நிறுத்து.
தோல் கழலை நோய் பரவிய வாரம்
அவசரமாய்ச் சேர்த்தது அது.
முதலாவதற்கு வண்டிப் பக்கம் நெருக்கம்,
அடுத்ததற்குச் சரக்குப் பக்கம்.
இரண்டு பங்காளிகள், ஒரே தீச்சட்டி.

எந்திரம் குத்துமதிப்பாய் எதையும் செய்யவில்லை.
இரண்டும் சமம், எனக்குத் தெரியாது என்றது,
சிவப்பில், இரண்டே வரியில்.
சம்பளம் கொடுத்த எவரும்
இத்தனை நேராய் என்னிடம் சொன்னதில்லை.

மூன்றாவது ஒன்று வேண்டும்,
இரண்டையும்விடக் கிட்டத்தில்:
ஆம்புலன்ஸ், மாடு.
தலைப்பு எழுதியாயிற்று.
உள்ளே?
விடுவதா, நிறுத்துவதா?
கர்சர் மினுக்குகிறது.
போனில் மூச்சு கேட்கிறது,
மாட்டினுடையதோ பிரஜீஷுடையதோ.
சக்கரத்துக்கு மருந்தடி,
காது வில்லை எண்ணைக் குறி,
விடு,
என்று எழுதி, சோதித்து, அனுப்பும்போது
மூன்று இருபது.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
கம்பம் தூக்கிய நேரம் 2.52.
கையால் தூக்கியிருக்கிறான்.
எனக்காகக் காத்திருக்கவில்லை.
காரணம் எழுதும் கட்டத்தில்,
மலையாள எழுத்தில், ஒரே சொல்:
பனி.

எழுத்துக்கூட்டிப் படித்தபோது
மூடுபனிக்குள் ஒருவன்
கம்பத்தைத் தோளில் தாங்கி நிற்க
வெள்ளை வண்டி குனிந்து போனது.
பல் துலக்கும்போதுதான் உறைத்தது,
அவன் ஊரில் அது காய்ச்சல்.

எழுதியவன் இன்னான், படிப்பவள் இன்னாள்,
இருவரும் வந்து சேரும்வரை
அந்தச் சொல்லும்
பாதிக் கம்பமாய் நின்றிருக்கிறது.

கட்டத்தை நான் திருத்தவில்லை.
நாற்பத்திரண்டாவது விதிக்கு மேல்
குறிப்பு எழுத ஒரு வரி இடமிருந்தது.
பனி என்று போட்டேன்.
எந்த மொழி என்று போடவில்லை.